நாற்பத்தொன்றில் நின்ற கவுண்ட்டர்

புதன்கிழமை, மாலை 5.05.

உதவிப் பொறியாளர் துணைமின் நிலையத்தின் பேனல் அறைக்குள் ஓடிவந்தபோது மூன்றாம் ஃபீடரின், அதாவது வெளியே போகும் மூன்றாவது லைனின், சுவிட்ச் பேனலுக்குக் கதவு இல்லை. உள்ளே இருந்த செம்புப் பட்டைகள் உருகி வழிந்து உறைந்திருந்தன. ஆள் உயர இரும்புக் கதவு தரையில் கிடந்தது. அதற்கு நான்கடி தள்ளி, பணியில் இருந்த ஆபரேட்டர் இழுத்துக் கிடத்தப்பட்டிருந்தார். சட்டை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. உயிர் மட்டும் இருந்தது. அதுவும் 5.40 வரைதான். ஆம்புலன்ஸ் பாதி வழி போவதற்குள் போய்விட்டது.

தலைமாட்டில் அவருடைய மச்சினன் உட்கார்ந்திருந்தான். மனைவியின் ஒரே தம்பி, அதே நிலையத்தில் சோதனைப் பிரிவுத் தொழிலாளி. இரண்டு உள்ளங்கையும் வெந்து தோல் உரிந்திருந்தது. அந்தக் கைகளை முன்னால் நீட்டியபடி "அத்தான், அத்தான்" என்று அழுதுகொண்டிருந்தான். கொதிக்கும் கதவை வெறுங்கையால் தூக்கி அத்தானை வெளியே இழுத்தவன் அவன்தான். 

கதவு விழுந்து கிடந்த இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கைப்பிடி ஒன்று கிடந்தது. பேனலுக்குள் சக்கரத்தில் நிற்கும் பிரேக்கர் ட்ராலியை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் பெட்டியை, வெளியே இழுப்பதற்கான கைப்பிடி. மின்சாரம் ஓடும்போது அதைத் தொடக் கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது. உதவிப் பொறியாளர் அந்தக் கைப்பிடியைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் பாதி அறிக்கை எழுதி முடிந்துவிட்டது.

மீதிப் பாதி மறுநாள் முடிந்தது. லைனில் மின்சாரம் ஓடும்போதே ஆபரேட்டர் ட்ராலியை இழுத்திருக்கிறார், பேனல் வெடித்தது, காரணம் ஊழியரின் கவனக்குறைவு. "ட்ராலியை இழுக்கப் போறேன்னு அத்தான் சொன்னார்" என்று மச்சினனே வாக்குமூலம் கொடுத்திருந்தான். சொந்த மச்சினன் சொன்ன பிறகு வேறு யாரைக் கேட்பது?

அன்று இடி இடித்தது எல்லோருக்கும் தெரியும். இடியால் வெடித்திருக்குமோ என்ற கேள்விக்கும் அறிக்கையில் பதில் இருந்தது. மூன்றாம் ஃபீடரின் லைன் நிலையத்துக்குள் வரும் கம்பத்தில் மூன்று கம்பிக்கும் மூன்று அரெஸ்டர்கள் உண்டு. இடி விழுந்து லைனில் பாய்ந்து வரும் மிகை அழுத்தத்தைப் பேனல் பக்கம் போகவிடாமல் மண்ணுக்குள் இறக்கிவிடுவது அவற்றின் வேலை. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் அடியில் உள்ள கவுண்ட்டரில் எண் ஒன்று கூடும். புதன் காலை எட்டு மணிக்கு மூன்றிலும் 41. மாலை ஆறு மணிக்குப் படம் எடுத்தபோதும் மூன்றிலும் 41. ஆக, அந்த லைனில் இடியே வரவில்லை. செத்தவர் எழுந்து வந்து மறுப்புச் சொல்லப் போவதில்லை என்பதால் கோப்பு சுலபமாக நகர்ந்தது.

கவனக்குறைவு என்ற அந்த ஒரு சொல் ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தப் போதும். மனைவிக்குக் கருணை வேலை கிடையாது. ஒரு மாதத்தில் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். பத்தாவது படிக்கும் மகளை, துக்கம் கேட்க வந்த பள்ளித் தோழி ஒருத்தி, "உங்க அப்பாவாலதான் எங்க தெருவுல ரெண்டு நாள் கரண்ட் இல்லையாமே?" என்று கேட்டிருந்தாள். இனிப் பள்ளிக்கே போக மாட்டேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 9.10.

மின் ஆய்வாளர் வந்து இறங்கினார். ஐம்பத்து நாலு வயது அம்மாள். வலது முழங்காலில் வலி, அதனால் படிகள் மீதும் ஏணிகள் மீதும் தீராத கோபம். மின்காப்பைச் சோதிக்கும் மெக்கர் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டே திரிவதால் துறையில் அவருக்கு மெக்கர் அம்மா என்று பெயர். யார் சொன்னாலும் நம்ப மாட்டார், அளந்து பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார் என்பது அந்தப் பெயரின் இரண்டாவது அர்த்தம்.

"அறிக்கை அனுப்பிட்டேனே மேடம். லீவு நாள்ல நீங்க ஏன் சிரமப்பட்டு..." என்றார் உதவிப் பொறியாளர்.

"சிரமம்தான். பேனல் எங்க?"

பேனல் அறையில் இன்னும் கருகிய வாடை போகவில்லை. சுவரெல்லாம் கரி. மெக்கர் அம்மா முதலில் பேனலின் தகட்டைக் கைக்குட்டையால் துடைத்தார். 12, 28, 75 என்று மூன்று எண்கள் தெரிந்தன. எல்லாம் கிலோவோல்ட். பன்னிரண்டு அதன் அன்றாடப் பிழைப்பு. இருபத்தெட்டை ஒரு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கும். எழுபத்தைந்து என்பது இடிக்கு. கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட நீடிக்காத அடியை அந்த அளவுவரை வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் அடித்தால் உடையும்.

"அரெஸ்டர் நல்லா இருந்தா எவ்வளவு பெரிய இடி வந்தாலும் பேனலுக்கு நாற்பதுக்கு மேல போகாது, இல்லையா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம். எழுபத்தஞ்சு தாங்குற பேனலுக்கு நாற்பது ஒண்ணுமே இல்ல. அதனாலதான் இடி இல்லைன்னு எழுதினேன்."

 மெக்கர் அம்மா எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரி படிந்த சுவரில் ஒரு ஆணி. ஆணிக்குக் கீழே முழ நீளத்துக்கு, நுனியில் வளைந்த ஒரு வெள்ளைக் கோடு. அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு பளிச்சென்று தெரிந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, எதையாவது மாட்டியிருப்பார்கள் என்றார் உதவிப் பொறியாளர். மெக்கர் அம்மா அந்தக் கோட்டை நாடாவால் அளந்து குறித்துக்கொண்டார்.

9.50. பின்பக்கம், திறந்தவெளி யார்டு.

அரெஸ்டர் கம்பத்தின் அடியில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அதில் ஏணியின் இரண்டு கால்களும் விரல் நீளத்துக்கு இறங்கிய குழிகள். புதன்கிழமை பகலில் பேனலுக்கு வருடாந்தரச் சோதனை நடந்தது, அப்போது ஏணி வைத்திருப்பார்கள் என்று உதவிப் பொறியாளர் விளக்கினார். மேலே இரண்டாள் உயரத்தில் லைனையும் அரெஸ்டர்களையும் இணைக்கும் மூன்று ஜம்பர் கம்பிகளும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன. மெக்கர் அம்மா முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறி ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் போட்டுப் பார்த்தார். எல்லாம் இறுக்கம். அரெஸ்டர்களை மெக்கரால் அளந்தார். குறையில்லை. கவுண்ட்டரைச் சோதிக்கும் சின்னப் பெட்டியை எடுத்து ஒரு துடிப்புக் கொடுத்தார். 41 டக்கென்று 42 ஆனது. மற்ற இரண்டும் அதே போல 42 ஆயின.

"கவுண்ட்டர் நல்லா வேலை செய்யுது" என்றார்.

"அதைத்தானே மேடம் நானும் சொல்றேன்" என்றார் உதவிப் பொறியாளர், கொஞ்சம் தெம்பாக.

10.15. கட்டுப்பாட்டு அறை.

இறந்துபோன ஆபரேட்டரை நிலையத்தில் எல்லோரும் டயரி என்று கூப்பிடுவார்கள். தும்மினாலும் எழுதி வைப்பார் என்று கிண்டல். பதினொரு வருடப் பணிப் புத்தகங்கள் அலமாரியில் அடுக்கியிருந்தன. மெக்கர் அம்மா நாலைந்தைப் புரட்டினார். குண்டு குண்டான எழுத்து. ஒவ்வொரு வரியும் இரண்டில் ஒரு சொல்லில் முடிந்தது. தானே கண்ணால் கண்டதென்றால் 'பார்த்தேன்'. அடுத்தவர் வாய்மொழி என்றால் 'சொன்னார்'. பதினொரு வருடத்தில் இரண்டையும் அவர் ஒருமுறை கூடக் கலக்கவில்லை.

புதன்கிழமைப் பக்கத்தில் இப்படி இருந்தது. காலை 8.00, கவுண்ட்டர் மூன்றும் 41, பார்த்தேன். 1.50, மூன்றாம் பேனல் இருபத்தெட்டு கிலோவோல்ட் சோதனை ஒரு நிமிடம் தாங்கியது, பார்த்தேன். 2.10, மூன்றாம் ஃபீடர் ஜம்பர்கள் மறுபடி கட்டியாயிற்று, சொன்னார். 2.30, லைனுக்கு மின்சாரம் கொடுத்தேன். அதற்குப் பிறகு மணிக்கொரு அளவு. நாலு மணியோடு எழுத்து நின்றிருந்தது.

அதே புத்தகத்தில் 2.20-க்கு, உதவிப் பொறியாளரின் பச்சை மையில் ஒரு வரி. 'ஜம்பர்கள் நேரில் சரிபார்க்கப்பட்டன.' கீழே கையெழுத்து.

"நேர்ல போய்ப் பார்த்தீங்களா?"

"அது வழக்கமா எழுதுறது மேடம்."

"நான் வழக்கத்தைக் கேக்கல."

உதவிப் பொறியாளர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.  பழுதைப் பதிவு செய்யும் ரிலே கருவியின் நினைவகத்திலிருந்து மெக்கர் அம்மா நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டார். மூன்றாம் பேனலில் பழுது, மாலை 4.42. அதே நொடியில் மெயின் பிரேக்கரும் தானாகத் துண்டித்து, யார்டு முழுக்க மின்சாரம் போயிருந்தது.

10.40. வாசல்.

காவலாளி பேசக் கிடைத்த வாய்ப்பை விடவில்லை. மூன்று மாதமாகச் சொட்டு மழை இல்லை, மண்வெட்டி போட்டால் தீப்பொறி பறக்கும் என்றார். அன்றைக்கு இடி மட்டும்தான் இடித்தது. பேனல் வெடித்த சத்தத்துக்குப் பிறகுதான் மழை கொட்டியது. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கேட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாராம். உள்ளே போக அவருக்கு அனுமதி கிடையாது. கடைசியில் மச்சினன் வாசலுக்கு ஓடிவந்து, வெந்த கையால் போனை அமுக்க முடியாமல், இவரைத்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொன்னான்.

"அதுக்கப்புறம் யாராவது பின்பக்கக் கம்பத்துல ஏறினாங்களா?"

"இன்ஜினீயர் சார் வந்தாரு, ஜனம் வந்துச்சு. நானும் அவங்களோட உள்ள வந்து நின்னேன். ஆறு மணிக்கு சார் கீழ நின்னு படம் எடுத்தாரு, அவ்வளவுதான். மறுநாள் சீல் வைக்கிறவரைக்கும் ஒருத்தரும் கம்பத்துல ஏறலைங்க."

ஆம்புலன்ஸ் நிலையத்தில் அந்த அழைப்பு பதிவானது 4.58-க்கு.

11.00. லைனின் மறுமுனையில் இருந்த குடிநீர் நீரேற்று நிலையத்துக்கு மெக்கர் அம்மா ஜீப்பை விட்டார். உதவிப் பொறியாளர் உடன் போகவில்லை. அங்கேயும் அதே மாதிரி அரெஸ்டர்கள், அதே மாதிரி கவுண்ட்டர்கள். புதன் காலைப் பதிவு 17. மறுநாள் காலைப் பதிவு 18. பம்ப் ஓட்டுபவர் தயங்கித் தயங்கிப் பேசினார். 4.40-க்கு விளக்கெல்லாம் கண் சிமிட்டியதும் அவர் டயரிக்குப் போன் செய்திருக்கிறார். "இருப்பா, மூணாம் ஃபீடர் மீட்டரைப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லி, டயரி போனை மேஜை மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிறகு வானம் பிளந்தது போல ஒரு இடி. போனுக்குள் ஒரு வெடிச் சத்தம். அதோடு போனும் செத்துவிட்டது.

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலையேம்மா."

11.50. ஊழியர் குடியிருப்பு.

டயரியின் வீட்டில் மச்சினன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையிலும் முழங்கைவரை கட்டு. அக்கா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து அவன் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் போய் நாலு நாள்கூட முழுதாக ஆகவில்லை. அழுவதற்குக் கிடைத்த நேரத்தையெல்லாம் தம்பியைப் பார்த்துக்கொள்வதில் கழித்திருந்தாள் என்று முகமே சொன்னது. அவரைக் காப்பாற்றப் போய்த்தான் இந்தக் கை இப்படி ஆனது என்று மெக்கர் அம்மாவிடம் சொன்னபோது அவள் குரலில் பெருமை கூட இருந்தது.

பக்கத்து மேஜையில் ஒரு காகிதம். கணவரின் கவனக்குறைவை ஒப்புக்கொள்கிறேன் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம். கையெழுத்துப் போட்டால் குடியிருப்பில் இன்னும் ஆறு மாதம் இருக்க விடுவார்கள், எதிர்த்தால் அதுவும் கிடைக்காது என்று தம்பிதான் எடுத்துச் சொல்லியிருந்தான்.

மெக்கர் அம்மா அவனிடம் நாலே கேள்வி கேட்டார்.

"வெடிச்சப்போ எங்க இருந்தீங்க?"

"ஸ்டோர் ரூம்ல மேடம். சத்தம் கேட்டதும் ஓடினேன்."

"எத்தனை நிமிஷத்துல கதவைத் தூக்கினீங்க?"

"உடனேதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது."

"போன் போட ஏன் அவ்வளவு நேரம்?"

"கதவு மாட்டிக்கிச்சு. கனம் வேற. இழுத்துப் போடவே அவ்வளவு நேரம் ஆயிடுச்சு."

"கை வெந்ததுக்கப்புறம் எதையாவது பிடிக்க முடிஞ்சதா? ஸ்பேனர் மாதிரி ஏதாவது?"

"ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியல மேடம். நாலு நாளா அக்காதான் எல்லாம்."

மெக்கர் அம்மா தலையாட்டினார். பிறகு டயரியின் மனைவியைப் பார்த்து, அந்தக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு மணிக்கு நிலையத்துக்கு வரச் சொன்னார். தம்பியையும் கூட்டி வரச் சொன்னார். அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவள் மீதிச் சோற்றை டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

1.00. கட்டுப்பாட்டு அறை.

நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். மெக்கர் அம்மா மேஜைமேல் அந்த இரும்புக் கைப்பிடியை வைத்தார்.

"இதுல இருந்து ஆரம்பிக்கிறேன். பேனல் வெடிச்சப்போ இது அவர் கையில இல்ல, சுவத்துல தொங்கிட்டிருந்துச்சு. வெடிச்ச கரி அறை முழுக்கப் படிஞ்சது, இது தொங்கின இடத்துல மட்டும் படியல. அந்த வெள்ளைக் கோடும் இந்தக் கைப்பிடியும் ஒரே நீளம், ஒரே வளைவு. கரி அடங்கினதுக்கப்புறம் யாரோ எடுத்து அவர் பக்கத்துல போட்டிருக்காங்க."

உதவிப் பொறியாளர் வாயைத் திறந்தார். மெக்கர் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். ட்ராலியை இழுக்கப் போகவில்லை, மீட்டரைப் பார்க்கத்தான் டயரி உள்ளே போனார் என்று நீரேற்று நிலையத்துக்காரர் சொன்னதைச் சொன்னார். பிறகு கவுண்ட்டருக்கு வந்தார்.

"நாற்பத்தொண்ணு மாறலை, அதனால இடி வரலைன்னு எழுதினீங்க. அதே லைனோட அந்த முனையில பதினேழு பதினெட்டாச்சு. ஒரே கம்பி. அந்த முனையில எண்ணப்பட்ட இடி இந்த முனையில ஏன் எண்ணப்படல? கவுண்ட்டர் கெட்டுப் போகல, நானே தட்டிப் பார்த்தேன். அரெஸ்டரும் நல்லா இருக்கு. அப்ப மிச்சம் ஒண்ணுதான். இடி வந்த நேரத்துல அரெஸ்டர் லைன்ல இல்ல. நாற்பதுல நிக்க வேண்டியது எழுபத்தஞ்சைத் தாண்டிப் பேனலுக்குள்ள போயிருக்கு."

"ஜம்பர் கட்டித்தானே இருக்கு மேடம்? ஆறு மணிக்கு எடுத்த படத்துல கூட..." என்றார் உதவிப் பொறியாளர்.

"ஆறு மணிக்குக் கட்டியிருந்துச்சு. 4.42-க்கு இல்ல."

சோதனைக்காக ஜம்பர்களைக் கழற்றியது தப்பில்லை, கழற்றியே ஆக வேண்டும் என்று அவர் விளக்கினார். அரெஸ்டர் லைனில் இருந்தால் இருபத்தெட்டு கிலோவோல்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிடும், பேனல் சோதனையே நடக்காது. சோதனை தேறியது என்று டயரி கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். ஆகவே ஜம்பர்கள் கழன்றுதான் இருந்தன. திரும்பக் கட்டியதை மட்டும் அவர் பார்க்கவில்லை. சொன்னார் என்று எழுதினார்.

"பதினோரு வருஷமா ரெண்டு வார்த்தையை மாத்திப் போடாத ஆள். இந்த நிலையத்துல பொய் எழுதாத ஒரே புத்தகம் அவருடையது. அதுக்குப் பக்கத்துலேயே, கம்பம் எந்தத் திசையில இருக்குன்னு திரும்பிக்கூடப் பார்க்காம, 'நேரில் சரிபார்க்கப்பட்டன'ன்னு பச்சை மை. கவனக்குறைவுன்னு நீங்க எழுதினது அவரைப் பத்தி."

உதவிப் பொறியாளர் தரையைப் பார்த்தார். டயரியின் மனைவி யாரையும் பார்க்காமல் டிபன் பாக்ஸை மடியில் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ அதுக்கப்புறம் ஏறிக் கட்டியிருக்காங்க. எப்போ? ஏணிக்கால் சேத்துல விரல் நீளம் இறங்கியிருக்கு. சோதனை நேரத்துல வச்சிருந்தா கீறல்கூட விழாது, மூணு மாசமாக் காய்ஞ்ச தரை. மழை வந்தது வெடிச்சதுக்கு அப்புறம். அப்ப அது 4.42-க்குப் பின்னால. இன்ஜினீயர் வந்தது 5.05-க்கு. அதுக்கப்புறம் யாரும் அங்க ஏறல. நடுவுல யார்டுல மின்சாரமும் இல்ல, உள்ள இருந்தது ரெண்டே பேர். ஒருத்தர் கதவுக்கு அடியில."

மச்சினன் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை வெந்தப்புறம் டம்ளர்கூடப் பிடிக்க முடியலைன்னு நீங்களே சொன்னீங்க. அந்த நட்டு ஒவ்வொண்ணும் ஸ்பேனர் போட்டு இறுக்கினது. அப்படின்னா நட்டை முறுக்கினப்போ உங்க கை நல்லா இருந்துச்சு. முதல்ல ஏணி, அப்புறம் கைப்பிடி. கடைசியாத்தான் கதவு."

 அவன் சொல்ல ஆரம்பித்தான்.  சோதனை முடிந்ததும் பசி. சாப்பிட்டுவிட்டு வந்து கட்டலாம் என்று போயிருக்கிறான். கட்டியாயிற்றா என்று அத்தான் கேட்டபோது, எப்படியும் கட்டத்தானே போகிறோம் என்று ஆமாம் சொல்லிவிட்டான். திரும்பி வந்தபோது லைனுக்கு மின்சாரம் கொடுத்தாகிவிட்டது. மறுபடி நிறுத்தச் சொன்னால் விஷயம் வெளியே வரும். ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருந்தான். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும், அதுவும் அத்தான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்த வேலை. அடுத்த நிறுத்தத்தில் கட்டிவிடலாம், அதுவரை இடி வராமல் இருந்தால் போதும் என்று உட்கார்ந்திருந்தான். வானம் இருட்டியபோதும் ஸ்டோர் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"எப்படியும் பிழைக்க மாட்டார்னு நினைச்சேன் மேடம். உள்ள எட்டிப் பார்த்தப்போ அப்படித்தான் இருந்துச்சு."

டயரியின் மனைவி முதல் முறையாக வாயைத் திறந்தாள். மெக்கர் அம்மாவைத்தான் கேட்டாள்.

"எவ்வளவு நேரம்மா?"

"4.42-ல இருந்து 4.58 வரைக்கும். பதினாறு நிமிஷம்."

"சீக்கிரம் தூக்கியிருந்தா?"

மெக்கர் அம்மாவுக்கு அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வரும் வழியில் மருத்துவரிடம் கேட்டிருந்தார். "பிழைச்சிருப்பார்னும் சொல்ல முடியாது, பிழைச்சிருக்க மாட்டார்னும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்றார். உங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.  

அவள் தம்பி பக்கம் திரும்பினாள்.

"எட்டிப் பார்த்தியே. அவர் உன்னைக் கூப்பிட்டாரா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லு தம்பி."

"கூப்பிட்டார். 'மாப்ளே, கதவைத் தூக்குடா'ன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"'இருங்க அத்தான், இதோ வர்றேன்'னு..."

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் அவன் வாயையே பார்த்தாள், நாலு நாளாக ஊட்டிய வாயை. பிறகு அந்தக் காகிதத்தை எடுத்து நாலாக மடித்து உதவிப் பொறியாளர் முன்னால் வைத்தாள். அதில் கையெழுத்து இல்லை. அவர் அதை எடுக்கவும் தைரியமில்லாமல் விடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் அவரை வேறொரு நிலையத்துக்கு மாற்றினார்கள். அதோடு சரி. பச்சை மையை யாரும் பிடுங்கவில்லை.

மெக்கர் அம்மா பழைய அறிக்கையின் மேல் குறுக்காகக் கோடு போட்டு, கீழே எழுத ஆரம்பித்தார். ஆபரேட்டரின் தவறு எதுவும் இல்லை. எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல் ஒரு கணம் யோசித்தார். பிறகு அந்த வரியின் முடிவில் 'பார்த்தேன்' என்று சேர்த்தார். அரசாங்க அறிக்கையில் அப்படி எழுதும் வழக்கமில்லை.

1.40. காவல் நிலையத்திலிருந்து வண்டி வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. மச்சினனின் உதடு காய்ந்து ஒட்டியிருந்தது.

"அக்கா" என்றான். "தண்ணி."

அவள் எழுந்தாள். மூலையில் இருந்த குடத்திலிருந்து டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்தாள். கொண்டுவந்து அவன் முன்னால், மேஜையின் மேல் வைத்தாள். கட்டுப் போட்ட கைகளுக்கு ஒரு சாண் தூரத்தில் அது இருந்தது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள்.

"இரு" என்றாள். "இதோ வர்றேன்."

கேட்டைத் தாண்டி அவள் குடியிருப்பை நோக்கி நடந்து போவதைக் காவலாளி பார்த்தார். வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போன பிறகும் அந்த டம்ளர் நிறையத் தண்ணீரோடு மேஜையிலேயே இருந்தது.